குருதி பாயாத திசுவில் காவல்: கண்ணுக்குள் புகும் பூஞ்சையை உடல் இனங்காணும் வரலாறு

(நீண்ட பதிவு. அறிவியல் வரலாறு, நோயெதிர்ப்பியல், கண்மருத்துவம் ஆகிய துறைகளின் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.)

"கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்பது நம் ஊர்களில் பழகிய வழக்கு. கருவிழியின்மேல் வெண்மையாகப் படர்ந்து பார்வையை மறைக்கும் தழும்பையே அது சுட்டுகிறது. அத்தழும்புக்குக் காரணங்கள் பல. தென்னிந்தியாவில் அவற்றுள் முதன்மையான ஒன்று, வயல்வேலையின்போது கண்ணில் பட்ட கீறல் வழியே நுழையும் பூஞ்சை. ஆயினும் அந்த வெண்மை பூஞ்சையின் நிறமன்று. பூஞ்சையை அழிக்க வந்த நம் வெள்ளணுக்கள் திசுவையும் சேர்த்துச் சிதைத்தன. சிதைந்ததை உடல் அவசரமாக ஒட்டுப்போட்டது. அந்த ஒட்டே தழும்பு. நோயும் அதற்கெதிரான காவலும் சேர்ந்தே பார்வையைப் பறிக்கின்றன.

உலகில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பூஞ்சைக் கருவிழிப் புண்ணுக்கு ஆளாகின்றனர் என்று 2021-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு கூறுகிறது. அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கண்ணையே அகற்ற நேர்கிறது. பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்பவர்கள். இத்தகைய நோயை உடல் எவ்வாறு "இது பூஞ்சை" என்று அறிகிறது என்னும் வினாவுக்கு ஏறக்குறைய 140 ஆண்டு வரலாறு உண்டு. நோயெதிர்ப்பியலின் பாடநூல்களில் கண் ஓர் ஓரத்து இயலாகவே இடம்பெறுகிறது. வரலாற்றைப் பின்தொடர்ந்தால், அத்துறையின் பிறப்பிடங்களுள் ஒன்று கண் என்பதும், அப்பிறப்பின்போது ஒரு பூஞ்சையும் உடனிருந்தது என்பதும் தெரியவரும்.

1. கருவிழி எழுப்பிய முதல் வினா

கருவிழிப் படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதில் இரத்தக் குழாய் இல்லை. கொலாஜன் இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதாலும், இடையில் குருதி ஓடாததாலும் ஒளி தடையின்றிச் செல்கிறது. இந்தத் தெளிவுக்கு ஒரு விலை உண்டு. உடலின் காவலர்கள் பெரும்பாலோர் குருதி வழியே பயணிப்பவர்கள். குருதி இல்லாத இடத்தில் பகைவன் புகுந்தால் யார் அறிவது? யார் சென்று சொல்வது?

இவ்வினா 19-ஆம் நூற்றாண்டில் வேறொரு வடிவில் எழுந்தது. சீழில் காணப்படும் அணுக்கள் எங்கிருந்து வருகின்றன? பெர்லினின் ருடால்ஃப் ஃபிர்கோ, அவை புண்பட்ட திசுவின் சொந்த அணுக்களிலிருந்தே பிறக்கின்றன என்று கருதினார். அவருடைய உதவியாளராகவே பணியாற்றிய யூலியஸ் கோன்ஹைம், அக்கருத்தைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த களங்களுள் ஒன்று தவளையின் கருவிழி. அங்கே குருதிக் குழாய் இல்லை. ஆகவே அங்கே திரளும் அணுக்கள் உள்ளூரில் பிறந்தவையா, வெளியிலிருந்து வந்தவையா என்பதைப் பிரித்தறிவது எளிது. தவளையின் உடலுக்குள் நிறத்துகள்களைச் செலுத்தி, அத்துகள்களைச் சுமந்த அணுக்கள் அழற்சியுற்ற கருவிழிக்குள் வந்து சேர்வதைக் கோன்ஹைம் கண்டார். 1867-இல் அதை வெளியிட்டது ஃபிர்கோவின் ஆய்விதழே. ஆசிரியரின் கொள்கையை மாணவர் மறுத்த கட்டுரைக்கு அவ்விதழில் இடம் கிடைத்தது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

வெள்ளணுக்கள் குருதியிலிருந்து வருகின்றன என்பது இவ்வாறு நிலைபெற்றது. ஆனால் அவை ஏன் வருகின்றன, எந்த அழைப்பைக் கேட்டு வருகின்றன என்பது விடையின்றி நின்றது.

2. ஓட்ஸ் உமியும் முயலின் கண்ணும்

1879-இல், கோட்டிங்கன் நகரில் கண்மருத்துவப் பேராசிரியராக இருந்த தியோடர் லேபர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவர் ஓர் உழவர். கதிரடிக்கும் எந்திரத்திலிருந்து பறந்த ஓட்ஸ் உமி அவர் கண்ணில் பட்டது. கருவிழியில் புண் உண்டாயிற்று. கண்ணின் முன்னறையில் சீழ் தேங்கியது. அப்புண்ணிலிருந்து லேபர் கண்டெடுத்தது ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை. மனிதக் கருவிழியில் பூஞ்சைத் தொற்று என்பதற்கு மருத்துவ இலக்கியத்தில் முதற்பதிவாகக் கொள்ளப்படுவது இதுவே. ஓட்ஸுக்குப் பதில் நெல் என்று மாற்றினால், இந்நோய்க்குறிப்பு இன்றைய காவிரிப்படுகையிலோ துங்கபத்திரைப் படுகையிலோ எழுதப்பட்டது போலவே இருக்கும்.

லேபர் அத்துடன் நிற்கவில்லை. முயலின் கருவிழியில் அதே பூஞ்சையைச் செலுத்தி, பின் நிகழ்வதை ஆராய்ந்தார். கருவிழியின் விளிம்பிலுள்ள குழாய்களிலிருந்து வெளிப்பட்ட வெள்ளணுக்கள், இடையிலுள்ள திசுவைக் கடந்து, பூஞ்சை இருக்கும் இடத்தை நோக்கியே சென்று அதைச் சூழ்ந்தன. அழற்சியூட்டும் பொருள்களை நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்துக் கண்ணின் முன்னறையில் வைத்தபோது, வெள்ளணுக்கள் அக்குழாய்களுக்குள்ளும் புகுந்தன. ஆக, ஏதோ ஒரு வேதிப்பொருள் பரவுகிறது. அது அடர்ந்திருக்கும் திசை நோக்கி அணுக்கள் நகர்கின்றன. பெரணிச் செடியின் ஆணணுக்கள் மாலிக் அமிலத்தை நோக்கி நீந்துவதை 1884-இல் காட்டிய தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபரின் கருத்தை, 1888-இல் லேபர் விலங்குடலின் வெள்ளணுக்களுக்குப் பொருத்தினார். வேதியீர்ப்பு என்று இன்று நாம் கற்பிக்கும் கருத்து மருத்துவத்துக்குள் நுழைந்த வாயில்களுள் ஒன்று, பூஞ்சை தொற்றிய ஒரு முயலின் கண்.

இதே காலத்தில் இலியா மெச்னிகோவ் மற்றொரு பூஞ்சையை ஆராய்ந்துகொண்டிருந்தார். டாப்னியா என்னும் நீர்த்தெள்ளு ஊசிபோன்ற வித்துகளைக் கொண்ட ஓர் ஈஸ்ட்டை விழுங்குகிறது. அவ்வித்து குடற்சுவரைத் துளைத்து உடற்குழிக்குள் வருகிறது. அங்கே திரியும் அணுக்கள் அதைச் சூழ்ந்து செரிக்கின்றன. அணுக்கள் வென்றால் தெள்ளு பிழைக்கிறது. வித்துகள் முளைத்துப் பெருகினால் தெள்ளு மடிகிறது. 1884-இல் இதை வெளியிட்ட மெச்னிகோவ், விழுங்கணுக் கொள்கைக்காக 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஈஸ்ட்டின் பேரினம் பின்னர் அவர் பெயராலேயே மெச்னிகோவியா எனப்பட்டது.

இவ்விரு வரலாறுகளிலும் ஒரு பொதுமை உண்டு. நீர்த்தெள்ளின் உடலும் கண்ணின் கருவிழியும் ஒளி ஊடுருவக் கூடியவை. உயிருள்ள உடலுக்குள் அணுக்களின் நகர்வை நேரில் காண, அக்காலக் கருவிகளுக்கு ஒளி புகும் திசு தேவைப்பட்டது. பூஞ்சையோ பாக்டீரியாவைவிடப் பருத்தது. எளிய நுண்ணோக்கியிலும் தெளிவாகப் புலப்படுவது. உடலின் காவலை மனிதர் முதன்முதலில் தெளிவாகக் கண்ட இடங்களில் பூஞ்சை இருந்தது தற்செயலன்று என்பதே என் கருத்து.

3. நீண்ட மௌனமும் ஒரு மருந்தின் எச்சரிக்கையும்

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி எதிர்ப்பொருள்களின் காலம். டிப்தீரியா, டெட்டனஸ் முதலிய நச்சுகளை முறிக்கும் சீரங்களே ஆய்வின் மையத்தைப் பிடித்தன. விழுங்கணுக்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன; அவற்றுடன் பூஞ்சையும். 1948-இல் பீட்டர் மெடவார், கண்ணின் முன்னறையில் வைக்கப்பட்ட அயல் தோல் ஒட்டு எளிதில் நிராகரிக்கப்படாததை ஆராய்ந்த பின், "நோயெதிர்ப்புச் சலுகை பெற்ற இடம்" என்ற கருத்து வேரூன்றியது. கண் அமைதி காக்கும் இடம் என்ற சித்திரம் சரியானதே. ஆனால் அமைதி காப்பது வேறு, காவலே இல்லாதிருப்பது வேறு. அந்த வேறுபாடு பல பத்தாண்டுகள் மங்கியே கிடந்தது.

அதை உணர்த்தியது ஒரு மருந்து. 1950-ஐ ஒட்டிக் கார்ட்டிசோன் கண்மருத்துவத்துக்குள் வந்தது. சிவந்த கண் வெளுத்தது, வலி தணிந்தது, நோயாளி மகிழ்ந்தார். சில ஆண்டுகளிலேயே வேறு செய்திகள் வரத் தொடங்கின. 1955-இல் ஜப்பானின் மிட்சுயியும் ஹனபுசாவும் கார்ட்டிசோன் சிகிச்சைக்குப் பின் தோன்றும் கருவிழித் தொற்றுகளைப் பற்றி எழுதினர். அதற்கு முன் அரிதாகக் கருதப்பட்ட பூஞ்சைப் புண் பல நாடுகளில் மிகுதியாகப் பதிவாயிற்று. இந்தியாவில் எஸ். டி. புட்டண்ணா 1967-லும் 1969-லும் அகில இந்தியக் கண்மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் இப்பொருள் குறித்து விரிவாக எழுதினார்.

ஸ்டீராய்டு பூஞ்சையை உண்டாக்குவதில்லை. வயலிலிருந்து வந்து விழும் வித்து எப்போதும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்டீராய்டு செய்வதெல்லாம் காவலர்களின் குரலை அடக்குவதே. கண்ணில் காவல் இல்லை என்றால், அதை அடக்குவதால் கேடு நேர வாய்ப்பில்லை. கேடு நேர்ந்தது, எனவே காவல் இருந்திருக்க வேண்டும். இம்முடிவை 1950களின் மருத்துவர்கள் தம் நோயாளிகளின் கண்களிலிருந்தே கற்றனர். காவலர் யார், அவர் எதைக் கண்டு குரலெழுப்புகிறார் என்பதைச் சொல்ல அன்று கருவி இல்லை.

4. ஈயின் உடலில் முளைத்த பூஞ்சை

1989-இல் சார்லஸ் ஜேன்வே ஒரு கருதுகோளை முன்வைத்தார். நுண்ணுயிர்களில் மட்டும் உள்ள, நம் உடலில் இல்லாத சில மூலக்கூற்று வடிவங்களை இனங்காணும் ஏற்பிகள், நம் பிறவிக் காவலணுக்களில் இருக்க வேண்டும் என்றார். அப்போது அத்தகைய ஏற்பி எதுவும் கைவசம் இல்லை.

1996-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வகத்தில் புரூனோ லெமேட்ரும் சக ஆய்வாளர்களும் பழ ஈக்களில் டோல் என்னும் மரபணுவை ஆராய்ந்தனர். ஈயின் கருவளர்ச்சியில் அதற்குப் பங்குண்டு என்பது முன்பே தெரிந்திருந்தது. அம்மரபணு பழுதுற்ற ஈக்களை ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் தொற்றியபோது அவை மடிந்தன. உடலெங்கும் பூஞ்சை இழை முளைத்த அந்த ஈயின் படம் இன்று ஒவ்வொரு நோயெதிர்ப்பியல் வகுப்பிலும் காட்டப்படுகிறது. மறு ஆண்டே மெட்ஜிட்டோவும் ஜேன்வேயும் மனிதரில் இதற்கு இணையான மரபணுவைக் கண்டறிந்தனர். 2011-ஆம் ஆண்டு நோபல் பரிசு ஹாஃப்மன், புரூஸ் பாய்ட்லர், ரால்ஃப் ஸ்டைன்மன் ஆகிய மூவருக்கும் சென்றது. லேபரின் உழவர் கண்ணிலிருந்தும் ஸ்ட்ராஸ்பர்க் ஈயின் உடலிலிருந்தும் எடுக்கப்பட்டவை ஒரே பேரினத்துப் பூஞ்சைகள் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சுட்டுவதில்லை.

பூஞ்சையின் தனி அடையாளம் அதன் செல்சுவர். கைட்டின், பீட்டா குளூக்கான், மேனான் முதலிய சர்க்கரைச் சங்கிலிகளால் நெய்யப்பட்ட அச்சுவர் விலங்கணுக்களுக்கு இல்லை. 2001-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கார்டன் பிரவுனும் சைமன் கார்டனும், டெக்டின் 1 என்னும் புரதமே பீட்டா குளூக்கானைப் பற்றும் ஏற்பி என்று காட்டினர். அதற்கு முந்தைய ஆண்டு டெக்சாஸின் டாலஸ் நகரில் வேறு நோக்குடன் கண்டெடுக்கப்பட்டுப் பெயரிடப்பட்ட புரதம் அது. ஜேன்வேயின் கருதுகோளுக்குப் பூஞ்சையைப் பொறுத்தவரை உறுதியான விடை இவ்வாறு கிடைத்தது.

5. வித்தின் மாறுவேடம்

விடை கிடைத்ததும் அடுத்த சிக்கல் எழுந்தது. நாம் மூச்சுவிடும் ஒவ்வொரு பொழுதும் ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகள் உள்ளே செல்கின்றன. இமைக்கும் ஒவ்வொரு பொழுதும் கண்மேல் விழுகின்றன. அவை ஒவ்வொன்றையும் கண்டு உடல் குரலெழுப்பினால் நம் நுரையீரலும் கண்ணும் ஓயாத அழற்சியில் கிடக்க வேண்டும். அப்படி நேர்வதில்லை. ஏன்?

2005-ஐ ஒட்டி வெளிவந்த ஆய்வுகள், உறங்கும் வித்தின் மேற்பரப்பில் பீட்டா குளூக்கான் வெளிப்படுவதில்லை என்றும், வித்து நீரை உறிஞ்சிப் பருத்து முளைக்கத் தொடங்கும்போதே அது வெளித்தெரிகிறது என்றும் காட்டின. டெக்டின் 1 பற்றுவது அந்த முளைக்கும் வித்தை. 2009-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் விஷுகுமார் ஐமனியாண்டா, ஜான்-பால் லாட்ஜே முதலியோர் அந்த மறைப்பின் பொருளைச் சுட்டினர். ரோட்-ஏ என்னும் நீர்விலக்கிப் புரதம் வித்தின் மேல் மெல்லிய போர்வையாக நெய்யப்பட்டுள்ளது. அதை அகற்றினால் காவலணுக்கள் விழித்துக்கொள்கின்றன.

இதை உடலின் ஏமாளித்தனம் என்று மட்டும் கொள்ளலாகாது. முளைக்காத வித்தால் தீங்கில்லை. முளைக்கும் வித்தே திசுவைத் துளைப்பது. தீங்கு தொடங்கும் கணத்தில் அடையாளமும் வெளிப்படுவதால், உடல் வீண்போரைத் தவிர்க்கிறது. ஆனால் கீறல் வழியே கருவிழிக்குள் ஆழப் பதிந்த வித்துக்கு இதே மறைப்பு ஒரு தலைக்கட்டு நேரத்தைத் தந்துவிடுகிறது.

6. கருவிழிக்குள் நிகழ்வது

இவையெல்லாம் கண்ணுக்குப் பொருந்துமா? இவ்வினாவை முறையாக எடுத்துக்கொண்டோருள் முதன்மையானவர்கள் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் எரிக் பேர்ல்மனின் ஆய்வகத்தினர். சிக்ஸ்டோ லியல் முதலியோர் 2010-இல் எலியின் கருவிழியில் ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகளைச் செலுத்தி வரிசை முறையை வகுத்தனர். கருவிழியிலேயே குடியிருக்கும் பெருவிழுங்கணுக்கள் முளைக்கும் வித்தை டெக்டின் 1 வழியே இனங்காண்கின்றன. அவை இன்டர்லூக்கின் 1 பீட்டாவையும் வேதியீர்ப்புப் புரதங்களையும் சுரக்கின்றன. அந்த அழைப்பைத் தொடர்ந்து விளிம்புக் குழாய்களிலிருந்து நியூட்ரோபில்கள் விரைகின்றன. டோல் போன்ற ஏற்பி 4 பழுதுற்ற எலிகளிலோ நியூட்ரோபில்கள் வழக்கம்போல் வந்து சேர்ந்தன; ஆனால் பூஞ்சையைச் சரிவரக் கொல்ல இயலவில்லை. அழைப்பதற்கு ஓர் ஏற்பி, அழிப்பதற்கு மற்றொன்று. 1888-இல் லேபர் தம் முயலில் கண்ட நகர்வின் இரு கட்டங்கள் இவ்வாறு தனித்தனியே பெயர்பெற்றன. 2013-இல் ரோட்-ஏ போர்வை அற்ற வித்துகளைக் கருவிழியில் செலுத்தியபோது உடல் அவற்றை விரைவாகவே இனங்கண்டு அழித்ததும் பதிவாயிற்று.

வந்து சேர்ந்த நியூட்ரோபில் பூஞ்சை இழையை விழுங்க இயலாது. இழை அதைவிட நீளமானது. எனவே அது ஆக்சிஜன் வினைப்பொருள்களை உமிழ்கிறது. பூஞ்சைக்குத் தேவையான இரும்பையும் துத்தநாகத்தையும் பூட்டி வைக்கிறது. பூஞ்சையோ தன் ஆக்சிஜன் எதிர்ப்பு நொதிகளாலும் இரும்பைக் கவரும் மூலக்கூறுகளாலும் ஈடுகொடுக்கிறது. இப்போரில் நியூட்ரோபில் உமிழும் புரதச்சிதைப்பு நொதிகள் கொலாஜனையும் கரைக்கின்றன. ஒழுங்காக அடுக்கப்பட்ட இழைகள் குலைகின்றன, தெளிவு போகிறது. நியூட்ரோபில்களே இன்டர்லூக்கின் 17 சுரந்து தம்மைத் தாமே கூர்மைப்படுத்திக்கொள்கின்றன என்று 2014-இல் அதே குழுவினர் முன்வைத்த கருத்து, மனித அணுக்களைப் பொறுத்தவரை இன்றும் விவாதத்துக்கு உரியது.

7. மதுரையின் இடம்

எலியில் கண்டது மனிதக் கண்ணுக்குப் பொருந்துகிறதா என்று அறிய மனிதத் திசு வேண்டும். அது கிடைத்த இடம் மதுரை. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1990களிலேயே இந்நோயின் அளவு பதிவாகியிருந்தது. 1993-இல் மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அமெரிக்காவின் ஓல்ம்ஸ்டெட் வட்டாரத்தில் 1980களில் அது 11. சீனிவாசனும் சக ஆய்வாளர்களும் 1994-இன் முதல் மூன்று மாதங்களில் வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட கட்டுரையில், பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறத்தாழச் சரிபாதியாகக் காரணமாயிருந்தன. பூஞ்சைகளுள் முதலிடம் ஃபியூசேரியத்துக்கு, அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸ். ஹைதராபாத்தின் எல். வி. பிரசாத் நிறுவனம் 1991 முதல் 2000 வரையிலான 1,352 நோயாளிகளின் பதிவைத் தொகுத்தது. திருச்சிராப்பள்ளியின் ஜோசப் கண் மருத்துவமனையில் பிலிப் தாமஸ் இத்துறையின் அடிப்படை மதிப்புரைகளுள் ஒன்றை 2003-இல் எழுதினார்.

2010களில் அரவிந்தின் கார்த்திகேயன், பிரஜ்னா, லலிதா முதலியோரும் கிளீவ்லாந்துக் குழுவினரும் இணைந்து, ஆஸ்பர்ஜில்லஸும் ஃபியூசேரியமும் தொற்றிய மனிதக் கருவிழித் திசுக்களை ஆராய்ந்தனர். அவற்றில் குவிந்திருந்தவை பெரும்பாலும் நியூட்ரோபில்கள். டெக்டின் 1, டோல் போன்ற ஏற்பிகள், இன்டர்லூக்கின் 1 பீட்டா ஆகியவற்றின் வெளிப்பாடு, தொற்றில்லாத கருவிழிகளைவிட மிகுந்திருந்தது. எலியில் வகுத்த வரிசை மனிதரிலும் இயங்குகிறது என்பதற்கான சான்று, தமிழ்நாட்டு நோயாளிகளின் திசுக்களிலிருந்தே வந்தது.

சிகிச்சையின் வரலாறும் இங்கேயே திரும்புகிறது. 1955-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மண்ணிலிருந்து கண்டெடுக்கப்பட்ட நேட்டமைசினா, புதிய மருந்தான வோரிகோனசோலா என்ற போட்டியை மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு சோதித்தனர். 2013-இல் வெளியான முடிவு பழைய மருந்துக்கே சாதகமாக அமைந்தது; குறிப்பாக ஃபியூசேரியப் புண்களில். ஏற்பிகளைப் பற்றி இத்தனை அறிந்த பின்னும், அறையில் மருத்துவர் கையிலெடுப்பது 1955-ஆம் ஆண்டின் மருந்தையே. அறிவுக்கும் சிகிச்சைக்கும் இடையிலுள்ள இத்தொலைவே இத்துறையின் உண்மையான சிக்கல்.

8. பெங்களூரு: அடக்கும் கரமும் அடங்கிய காவலும்

பெங்களூரு இவ்வரலாற்றில் இருமுறை தலைகாட்டுகிறது. முதலாவது, ஆய்வகத்தில். பாஸ்டர் நிறுவனத்தினரும் ஜெகதீஷ் பைரி தலைமையிலான பாரிஸ் ஆய்வாளர்களும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கே. என். பாலாஜியின் குழுவினரும் இணைந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆஸ்பர்ஜில்லஸின் செல்சுவரில் பீட்டா குளூக்கானோடு ஆல்ஃபா 1,3 குளூக்கானும் உண்டு. அது மனித டென்ட்ரைட் அணுக்களில் பி.டி.எல். 1 என்னும் புரதத்தை வெளிப்படச் செய்து, காவலை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்களைப் பெருக்குகிறது. ஆக, ஒரே சுவரின் ஒரு சர்க்கரை காவலரை எழுப்புகிறது. மற்றொன்று அமைதிகொள்ளச் சொல்கிறது. இவ்வாய்வு கண்ணில் நிகழ்த்தப்பட்டதன்று. ஆனால் அமைதியும் காவலும் எப்போதும் எடைபோட்டுப் பார்க்கப்படும் உறுப்பான கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வினா இல்லை. கருவிழிக்குள் இவ்விரு சர்க்கரைகளின் விகிதம் என்ன செய்கிறது என்பதை எடுத்துக்கொள்ளும் மாணவருக்கு நல்ல ஆய்வுப்பொருள் காத்திருக்கிறது.

இரண்டாவது, மருத்துவமனைகளில். 2021 மே மாதம் பெங்களூருவின் பவுரிங் மருத்துவமனையில் கருப்புப் பூஞ்சை நோயாளிகளுக்கெனத் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. அந்நோயை அறிவிக்கைக்குரியதாக்குமாறு ஒன்றிய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டதும் அம்மாதத்திலேயே. இது கருவிழிப் புண் அன்று; ரைசோபஸ் முதலிய பூஞ்சைகள் மூக்கின் வழியே புகுந்து, எலும்புக்குழிகளைக் கடந்து, கண்குழியை எட்டுவது. இந்தியக் கண்மருத்துவர்கள் திரட்டிய 2,826 நோயாளிகளின் பதிவில், 87 விழுக்காட்டினர் ஸ்டீராய்டு பெற்றிருந்தனர். 78 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. உயர்ந்த சர்க்கரை நியூட்ரோபில்களின் திறனைக் குறைக்கிறது. குருதி அமிலத்தன்மை அடைந்தால் புரதங்கள் பற்றியிருந்த இரும்பு விடுபட்டுப் பூஞ்சைக்கு உணவாகிறது. அவற்றுடன் ஸ்டீராய்டும் சேர்ந்தபோது, இனங்காண்பவரும் போரிடுபவரும் ஒருசேர முடங்கினர். கடும் கோவிட்டில் ஸ்டீராய்டு உயிர்காத்தது என்பதும் மெய். தேவைக்கு மிஞ்சிய அளவும் நாள்களும், சர்க்கரை அளவைக் கவனியாமையுமே தீங்கின் பெரும்பகுதிக்கு வழிவகுத்தன.

1955-இல் கருவிழிக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கைதான் 2021-இல் கண்குழிக்கு மீண்டும் சொல்லப்பட்டது. இடையில் 66 ஆண்டுகள். இவ்விடைவெளியில் நாம் ஏற்பிகளுக்குப் பெயரிட்டோம், நோபல் பரிசுகளை அளித்தோம். சிவந்த கண்ணுக்கு மருந்துக் கடையில் கேட்டவுடன் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கிடைக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

9. வரலாறு விட்டுச்செல்லும் வினாக்கள்

இவ்வரலாற்றிலிருந்து நான் மூன்று முடிவுகளுக்கு வருகிறேன்.

முதலாவது, "இனங்காணல்" என்பது ஒற்றை நிகழ்வன்று. மறைந்திருத்தல், வெளிப்படுதல், அழைத்தல், அழித்தல், அடங்குதல் என்ற ஐந்து படிகள் அதில் உண்டு. பூஞ்சை மறைந்தே இருந்தாலும் கண் போகும். உடல் அடங்காமல் போரிட்டாலும் கண் போகும். மருத்துவர் முன்கூட்டியே அடக்கினாலும் கண் போகும். புதிய சிகிச்சையைத் தேடுவோர் எந்தப் படியில் தலையிடுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்தாவிடில், நன்மையும் தீமையும் ஒரே குப்பியில் அடைபடும்.

இரண்டாவது, காலம். நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், கருவிழிக் கீறல் ஏற்பட்ட 18 மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு இடப்பட்டவர்கள் எவருக்கும் புண் உண்டாகவில்லை. பெரும் ஆய்வகம் தேவைப்படாத தலையீடு இது. புண் உண்டானபின், சிறிது திசுவைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உடல் மூலக்கூறுகளால் செய்யும் இனங்காணலை மருத்துவர் தம் கண்ணால் செய்யும் முறை அது. அச்சோதனைக்கு முன் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கண்ணில் விழக்கூடாது என்பதை ஊர்ப்புறச் செவிலியர் முதல் மருந்துக் கடைக்காரர் வரை அனைவரும் அறிய வேண்டும்.

மூன்றாவது, கடன். கோட்டிங்கன் உழவரின் பெயரை வரலாறு பதிவுசெய்யவில்லை. மதுரையில் தம் கருவிழித் திசுவை ஆய்வுக்குத் தந்தோரின் பெயர்களும், தனியுரிமை கருதி, கட்டுரைகளில் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் பெயரைச் சொல்லாதிருப்பதும் பங்கைச் சொல்லாதிருப்பதும் ஒன்றல்ல. கதிரடிப்போர், கரும்பு வெட்டுவோர், களையெடுக்கும் பெண்கள் ஆகியோரின் கண்களே இத்துறையின் ஆவணக்களஞ்சியம். அவ்வறிவு அவர்களிடம் மருந்தாகவும் தற்காப்பாகவும் திரும்பிச் சென்றதா என்பதையும் அறிவியல் வரலாறு கேட்டாக வேண்டும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். 1970-க்கு முந்தைய தமிழ்நாடு, மைசூர் வட்டாரக் கண் மருத்துவமனைகளின் ஆண்டறிக்கைகள், புறநோயாளர் பதிவேடுகள், மருத்துவக் கல்லூரி ஆய்வேடுகள் ஆகியவற்றில் கருவிழிப் புண் குறித்த பக்கங்களை எவரேனும் கண்டிருந்தால், அல்லது அவை இருக்கும் நூலகத்தை அறிந்திருந்தால், பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். நோயாளிகளின் தொழிலும் புண்பட்ட பருவமும் குறிக்கப்பட்ட ஒரு பதிவேடு கிடைத்தாலும் போதும். எந்த அறுவடையில் எத்தனை கண்கள் போயின என்பதை அதிலிருந்து எழுதத் தொடங்கலாம்.